இணையதளத்துக்கு இடம் பிடிக்கும் முன்...

விருதுநகரில் பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்வோரும், சிவகாசிப் பட்டாசு வியாபாரிகளும் இன்று தங்களுக்கென ஓர் இணையதளம் வேண்டும் என்கிறார்கள். கடை விலாசம், போன் நம்பர், சரக்கு விவரம், விலைப்பட்டியல் ஆகியவையே அதில் இருக்கும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

செலவு இரண்டு வகை. டொமைன் என்னும் பெயர் நம் கடைப் போர்டு. ஹோஸ்டிங் என்பது கடைக் கட்டடத்தின் வாடகை. கட்டடம் மாறலாம், போர்டு நம்முடையதாக இருக்க வேண்டும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. பெயர் யார் பேரில்? '.இன்' என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது நிக்சி நிறுவனம். 2005 முதல் யாரும் இப்பெயர்களைப் பதியலாம். தளம் அமைத்துத் தருபவர் தன் பேரில் பதிந்துவிட்டால், நாளை மனஸ்தாபம் வரும்போது பெயர் அவர் கையில் இருக்கும். நம் பெயர், நம் ஈமெயில், நம் போன் நம்பர் கொடுத்தே பதிய வேண்டும். கெடு முடியுமுன் புதுப்பிக்கத் தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகலாம்.

2. மூன்று வருடக் கணக்கு. ஒருவர் முதல் வருடம் 1,200 ரூபாயும், பிறகு வருடம் 4,000 ரூபாயும் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,200. ஆரம்பத்திலிருந்தே 2,500 கேட்பவரிடம் 7,500தான். புதுப்பிக்கும் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் முதலிலேயே கேளுங்கள்.

3. எவ்வளவு தேவை? 2 எம்.பி. அளவுள்ள விலைப்பட்டியலை 5,000 பேர் இறக்கினால் ஏறத்தாழ 10 ஜி.பி. தீபாவளி மாதத்தில் இந்தப் போக்குவரத்தைத் தாங்குமா என்று பாருங்கள். படங்களைச் சுருக்கிப் போட்டால் சின்னத் திட்டமே போதும்.

4. இலவசம். கூகுள் வணிக விவரப் பக்கத்தோடு இலவசமாகத் தந்த இணையதளங்களை அந்நிறுவனம் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இலவச இடம் ஆகாது என்றில்லை. பெயர் நம்முடையதாக இருந்தால் அதே பெயரோடு வேறு இடத்துக்குப் போய்விடலாம்.

5. பாதுகாப்பு. பூட்டு அடையாளத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். தளத்தின் பிரதி ஒன்று நம் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.

பட்டாசு வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 23.10.2018 அன்று உச்ச நீதிமன்றம், இணையதளங்கள் ஆன்லைனில் பட்டாசு ஆர்டர் எடுக்கவும் விற்கவும் கூடாது என உத்தரவிட்டது. தளம் அமைப்பவர் ஆர்டர், பணம் செலுத்தும் வசதிகளையும் சேர்த்து விலை சொன்னால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். செலவும் மிச்சம், வில்லங்கமும் இல்லை.

பணம் கட்டுமுன் பெயர்ப் பதிவு நம் பேரில் இருக்கிறதா என்பதை மட்டும் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.