கார்த்திகைப்பூச் செடி: நடுகையும் பராமரிப்பும்

(பதியமுறை இனப்பெருக்கம் – நிலக்கீழ்த் தண்டுகள்)

மாணவர்களே, குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்திற் பூக்கும் தோட்டச் செடிகளுள் கொல்சிக்கம் பெயர்பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்த்திகைப்பூச் செடி, யாழ்ப்பாணத் தீவகத்தில் மாரி மழையோடு முளைத்துக் கார்த்திகையிற் பூக்கின்றது. இதன் தாவரவியற் பெயர் குளோரியோசா சுப்பேர்பா. இலக்கியங்கள் கூறும் காந்தள் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவாகும்.

1. குமிழும் கிழங்கும்

வெங்காயமும் கார்த்திகைப்பூச் செடியும் நிலத்தின் கீழ் உணவைச் சேமிக்கின்றன. ஆயினும் அமைப்பு வேறு.

வெங்காயம்: குமிழ். குறுகிய தண்டைச் சூழ்ந்த சதைப்பற்றுள்ள இலையடிகளில் உணவு சேமிக்கப்படும்.

கார்த்திகைப்பூ: கிழங்கு. உணவு தண்டிலேயே சேமிக்கப்படும். இரு கிளைகளாகப் பிரிந்து கலப்பை போலத் தோன்றுவதால் இது கலப்பைக் கிழங்கு எனவும் அழைக்கப்படும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் முளையரும்பு உண்டு.

2. வாழ்க்கை வட்டம்

யாழ்ப்பாண மாவட்டத்தின் மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கின்றது. மழை ஈரம் பட்டதும் கிழங்கு முளைக்கும். கொடியின் இலைநுனிகள் பற்றுக்கம்பிகளாகச் சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். பூவின் ஆறு இதழ்களும் பசுமஞ்சளாக விரிந்து பின் சிவக்கும். காய் முற்றிய பின் கொடி காய்ந்துவிடும். புதிய கிழங்கு கோடை முழுவதும் மண்ணுள் உறங்குநிலையில் இருக்கும். கோடை வறட்சியைத் தாண்டி வாழ இதுவே வழியாகும்.

3. நடுகை

• காலம்: ஆவணி, புரட்டாதி, பெருமழைக்கு முன்.

• நடுபொருள்: முளையரும்பு சேதமடையாத கிழங்குக் கிளை. அரும்பு முறிந்தால் அக்கிளை முளைக்காது. விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும்.

• இடம்: சுண்ணாம்புக்கல்லின் மேல் மண் ஆழம் குறைந்த காணிகளில் மேட்டுப்பாத்தி அமைத்துக் கூட்டெரு கலக்க வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

• ஆழம்: ஏறத்தாழ 6 – 10 சென்ரிமீற்றர்.

• ஆதாரம்: கிளுவைக் கதியால் அல்லது கம்பிவலை. நெடுந்தீவில் பவளக்கல் வேலியோரமும் நடலாம்.

4. பராமரிப்பு

தீவகத்தின் பல கிணறுகள் உவர்நீர் கொண்டவை. எனவே மழை ஈரத்தையே நம்பி நடுக. மழை பிந்தினால் நன்னீரை அளவாக ஊற்றுக. களை பிடுங்கும்போது இளமுளையை முறிக்கக் கூடாது. கொடி பசுமையாக இருக்கும்போது வெட்டக் கூடாது. இலைகள் தயாரிக்கும் உணவே அடுத்த ஆண்டுக் கிழங்காகும். கொடி முற்றாகக் காய்ந்த பின்னரே கிழங்கை இடம் மாற்றலாம்.

5. நஞ்சு – கட்டாயம் அறிக

செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. இது கலப்பிரிவைத் தடுக்கும். அவித்தாலும் நஞ்சு நீங்காது. வற்றாளங்கிழங்கு என எண்ணி உண்டவர்களுக்கு நஞ்சேறிய சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியுள்ளன. வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் சில மணி நேரத்தில் தொடங்கும். பின்னர் உறுப்புகள் செயலிழந்து மரணமும் நேரலாம்.

இதே கொல்சிசின், மருத்துவரின் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவில் கீல்வாத நோய்க்கு மருந்தாகின்றது. இதற்காகத் தமிழ்நாட்டின் திண்டுக்கல், கரூர் முதலிய மாவட்டங்களில் விதைக்காக இது பயிரிடப்படுகின்றது.

நினைவிற் கொள்க: கிழங்கை மரக்கறிப் பாத்தியில் நடாதீர்கள், சமையலறையில் வைக்காதீர்கள், தொட்ட பின் கைகழுவுங்கள். எவரேனும் உண்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மீதிக் கிழங்கையும் எடுத்துச் செல்லுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் யாழ்ப்பாணம் செல்லக் குறிகட்டுவான் வரை படகில் வரவேண்டும். ஆகையால் தாமதம் உயிராபத்தாகும்.

மாதிரி வினாக்கள்

1. தை மாதம் கொடி காய்ந்ததைக் கண்ட மாணவன் செடி இறந்துவிட்டது எனக் கூறினான். இக்கூற்று சரியா?
விடை: தவறு. கிழங்கு மண்ணுள் உறங்குநிலையில் உள்ளது.

2. அரும்பில்லாத கிழங்குத் துண்டு முளைக்காதது ஏன்?
விடை: புதிய தண்டு முளையரும்பிலிருந்தே தோன்றும்.

3. இக்கிழங்கை வற்றாளைப் பாத்தியருகே நடக்கூடாதது ஏன்?
விடை: உணவுக் கிழங்கென மாறி அகழ்ந்து உண்ணும் ஆபத்து உண்டு.