மின்கட்டண பில்லை வாசிப்போம்

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மின்கட்டண பில்லில் நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான். எவ்வளவு கட்ட வேண்டும் என்பது தெரிந்தவுடன் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் 2025 ஜூலை 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் மின்கட்டண முறை மாற்றப்பட்ட பிறகு, நாம் படிக்காமல் விடும் வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. பினாங்குத் தீவின் அடுக்குமாடிகளிலும் மாணவர் வாடகை வீடுகளிலும் வசிக்கும் நம்மவர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'ஆற்றல்' வேறு, 'திறன்' வேறு. மலாயில் முன்னது 'தெனாகா', பின்னது 'குவாசா'. தமிழ்ப்பள்ளியில் ஒரு சொல்லையும் இடைநிலைப்பள்ளியில் மற்றொரு சொல்லையும் கற்ற என் போன்றோருக்கு இரண்டும் எளிதில் குழம்பும். திறன் என்பது ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தை உண்கிறது என்பது; அதை வாட்டில் சொல்கிறோம். ஆற்றல் என்பது அந்தக் கருவி மொத்தத்தில் எவ்வளவு உண்டது என்பது. அதைத்தான் கிலோவாட் மணி, அதாவது யூனிட், என்கிறோம். தெனாகா நேஷனல் நிறுவனம் தன் பெயருக்கேற்ப நமக்கு விற்பது ஆற்றலை. ஆகவே 3,500 வாட் நீர்ச் சூடேற்றியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பத்து நிமிடக் குளியலுக்கு அது எடுப்பது ஏறக்குறைய 0.6 யூனிட். ஒரு மூலையில் சத்தமின்றி ஓடிக்கொண்டிருக்கும் பத்து வாட் பெட்டியோ மாதத்திற்கு 7 யூனிட்டுக்கு மேல் தின்றுவிடுகிறது.

இனிக் கட்டணத்திற்கு வருவோம். 2014 முதல் 2025 ஜூன் வரை வீடுகளுக்குப் படிக்கட்டு முறை இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென், அதற்கு மேல் 600 வரை 51.60 சென் என்று கட்டணம் ஏறியது. மேல்படிக்குப் போனாலும் கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளின் விலை மாறாது. புதிய முறை அப்படியன்று. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென், ஆக யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து, 1,000 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு ஓர் ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு உயர உயர இக்கழிவு குறைந்துகொண்டே போகிறது. கவனிக்க வேண்டியது, நீங்கள் எந்தப் பிரிவில் நிற்கிறீர்களோ அந்தப் பிரிவின் கழிவு உங்கள் மொத்தப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் என்பதுதான்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. வரிகளைச் சேர்க்காமல் பார்த்தால், 400 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு 109 ரிங்கிட் 72 சென். 401 யூனிட் என்றால் 120 ரிங்கிட் 2 சென். ஒரே ஒரு யூனிட்டின் விலை பத்து ரிங்கிட்டுக்கு மேல்! 600ஐத் தாண்டும் இடம் இன்னும் செங்குத்தானது. 600க்கு 212 ரிங்கிட் 58 சென். 601க்கு, அங்கே தொடங்கும் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணத்தையும் சேர்த்து, 231 ரிங்கிட் 95 சென். சேவை வரியும் 600க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்குத்தான். இந்த முறையைப் படிக்கட்டு என்பதைவிட மாடிவீட்டின் மொட்டைமாடி விளிம்பு என்று சொல்வதே பொருந்தும்.

விளிம்பு இருப்பதால் இறங்குபவருக்கு லாபமும் அதிகம். 420 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் அதை 350ஆகக் குறைத்தால் 125 ரிங்கிட் 71 சென்னாக இருந்த கட்டணம் 82 ரிங்கிட்டுக்கு இறங்குகிறது. சேமிப்பு ஏறத்தாழ 44 ரிங்கிட். பழைய முறையில் இதே குறைப்புக்கு 36 ரிங்கிட்தான் மிஞ்சியிருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மானி வீட்டைத்தான் எண்ணுகிறது, தலைகளை எண்ணுவதில்லை. தாத்தா, பாட்டி, சித்தப்பா குடும்பம் என்று ஒன்பது பேர் சேர்ந்து வாழும் வீடு 650 யூனிட் பயன்படுத்தினால் ஆளுக்கு 72 யூனிட். கணவன் மனைவி மட்டும் வாழும் வீடு 390 யூனிட் பயன்படுத்தினால் ஆளுக்கு 195. ஊக்கத்தொகை அதிகம் கிடைப்பது இரண்டாவது வீட்டுக்கு! சுங்கை டுவாவில் ஆறேழு பேராகச் சேர்ந்து வீடெடுத்துத் தங்கும் மாணவர்களுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2016இல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். அங்கும் கணக்கு இணைப்பின்படிதான், ஆட்களின்படி இல்லை. கூட்டுக்குடும்பத்தைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். மின்கட்டணம் அதற்கு எதிராகச் சாய்ந்திருப்பதைப் பேசுவோர் குறைவு.

சரி, அந்த 70 யூனிட்டை எங்கிருந்து குறைப்பது? முதல் குற்றவாளி குளிர்சாதனம். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் தொடர்ந்து இயங்கும்போது சுமார் 0.8 கிலோவாட் எடுக்கும். இரவில் அதை இரண்டு மணி நேரம் முன்னதாக நிறுத்தும்படி நேரக் கருவியை வைத்துவிட்டு, விடியும் வரை மின்விசிறியில் தூங்கினால் மாதத்தில் ஏறக்குறைய 48 யூனிட் மிச்சம். மின்விசிறி அதே நேரத்தில் 4 யூனிட் கூட எடுக்காது. அடுத்து, மூன்று பழைய குழல்விளக்குகளை எல்.இ.டி. குழல்களாக மாற்றினால், தினம் ஐந்து மணி நேரக் கணக்கில் 12 யூனிட். சோற்றுப் பானையைக் காலையில் வைத்துவிட்டு இரவு வரை சூடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. 40 வாட் என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணி நேரத்திற்கு மாதம் 12 யூனிட் ஆகிறது. இம்மூன்றுமே 70ஐ நெருங்கிவிட்டன. குளிர்சாதனத்தின் வெப்பநிலையைப் பொறுத்தவரை, 2011இலேயே அரசாங்க அலுவலகங்களில் 24 பாகைக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. வீட்டுக்கும் அதுவே போதுமானது என்பது என் கருத்து.

பழைய ஜோர்ஜ்டவுன் இவ்விஷயத்தில் நமக்கு மூத்தது. லிட்டில் இந்தியாவில், கடைத்தெருப் பக்கம் நடந்து போனால் கவனித்துப் பாருங்கள். வெயிலும் மழையும் படாத அஞ்சடி, உயரமான கூரை, சுட்ட மண் ஓடு, வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலேறிப் போக, வாசலிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மின்விசிறி வருவதற்கு முன்பே கட்டப்பட்ட வீடுகள் அவை. பின்னாளில் பலர் முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிட்டு, அதன் கீழே குளிர்சாதனம் பொருத்திக்கொண்டார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது நாம் முகப்பின் அழகைத்தான் அதிகம் பேசினோம். உள்ளே காற்றோடிய வழியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

சிக்கனத்துக்கு அடுத்தது தூய்மை. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. நிலக்கரியைக் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். நாம் ஒரு யூனிட் மிச்சப்படுத்தினால் சுமார் முக்கால் கிலோ கரிவளி காற்றில் கலக்காமல் தடுக்கிறோம். சூரியத் தகடு பொருத்துவோருக்காக 2016இல் தொடங்கிய நிகர மின்அளவீட்டுத் திட்டம் 2025 ஜூன் 30இல் முடிவுற்று, 2026 ஜனவரியிலிருந்து சோலார் ஆத்தாப் என்னும் திட்டம் நடப்புக்கு வந்துள்ளது. இதில் நாம் வெளியே அனுப்பும் உபரி மின்சாரத்தை அந்த மாத பில்லில் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சியதை அடுத்த மாதத்திற்குக் கொண்டுபோக முடியாது. எனவே பகலில் ஆளில்லாத வீடு, கூரை நிறையத் தகடு பதிப்பது வீண் செலவு. துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் உச்சி வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய வீட்டுக்கே அது அதிகம் பயன்தரும்.

இதெல்லாம் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு. ஆயர் ஈத்தாம் ரைபள் ரேஞ்ச் போன்ற அடுக்குமாடிகளில் பன்னிரண்டாவது மாடியில் இருப்பவருக்குக் கூரை ஏது? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் எந்த வீடும், அது அடுக்குமாடியானாலும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு செலுத்துகிறது. அந்தப் பணத்தால் ஊக்கம் பெற்ற தகடுகளில் ஒன்றுகூட அவர் தலைக்கு மேல் இல்லை. ஜெர்மனியில் 800 வாட் வரையிலான சிறு தகடுகளைப் பால்கனியில் தொங்கவிட 2024இல் விதிமுறைகளை எளிதாக்கினார்கள். சூரியன் தலைக்கு நேரே நிற்கும் பினாங்கில், செங்குத்தாகத் தொங்கும் தகட்டுக்கு அவ்வளவு வெயில் கிடைக்காது. நமக்கு வேண்டியது மொட்டைமாடிதான்.

அந்த மொட்டைமாடி யாருடையது? 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அது பொதுச்சொத்து, அதாவது அங்குள்ள உரிமையாளர்கள் எல்லாருக்கும் சொந்தம். மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, நீரிறைக்கும் பம்பு ஆகியவற்றின் மின்செலவு நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் அடங்கியிருக்கிறது. படிக்கட்டு விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுவதா, மொட்டைமாடியில் தகடு பதித்துப் பம்பையும் மின்தூக்கியையும் பகலில் ஓட்டுவதா என்பதையெல்லாம் ஆண்டுக்கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், பயனீட்டாளர் உரிமைகளைத் தமிழிலும் எழுதி நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் கூட்டத்தின் அறிவிப்பு மலாயில் ஒட்டப்படுகிறது. நம்மவர்கள் பலர் அதைக் கடந்து மின்தூக்கிக்குப் போய்விடுகிறார்கள்.

அறிவிப்பைப் படித்துச் சொல்ல நம் வீடுகளில் இப்போது பிள்ளைகள் இருக்கிறோம். கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன் பராமரிப்புக் கட்டண நிலுவை இல்லாதவராக இருந்தால் உரிமையாளர் வாக்களிக்கலாம். அதே ஏழு நாள் கெடுவுக்குள் எழுத்துமூலம் கொடுத்தால் அவரது தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தாக வேண்டும். வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அதன் பிறகு வந்திருப்பவர்கள் எத்தனை பேரோ, அவர்களை வைத்தே கூட்டம் நடக்கும்.