அடுத்த வீட்டுக் காய்ச்சலும் நம் வீட்டுக் காய்ச்சலும்

மழைக்காலம் தொடங்கியதும் சங்கத்து நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எங்கள் காலனிக் காவலாளிக்கு மலேரியா வந்தது, நாலே நாளில் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். அதே தெருவில் நம் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான். கொசு ஒன்றுதானே, ஏன் இப்படி?"

உடம்பு வாகு, சாப்பாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிறக்கும்போதே இரத்தத்தில் எழுதி வந்த காரணங்களும் உண்டு. ஒடிசாவில் குடியிருக்கும் நாம் அவற்றை அறிந்திருப்பது நல்லது. 2016 இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் இந்த ஒரு மாநிலத்தில்தான் இருந்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. ஆனால் கொசு போய்விடவில்லை.

நம் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோத்திருக்கின்றன. ஆறாவது மணி குளுட்டாமிக் அமிலமாக இருக்க வேண்டும். சிலருக்கு அந்த இடத்தில் வேலின் வந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவுதான். பிராணவாயு குறையும் இடங்களில் இந்த மாறிய புரதம் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகி, வட்டமான அணுவைக் கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைத்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் அரிவாள் அணுச் சோகை. எலும்பு வலி, சோகை, அடிக்கடி தொற்று என்று வாழ்நாள் முழுவதும் தொல்லை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் வெறும் சுமப்பாளர். பொதுவாக நோய் எதுவும் தெரியாது.

இவ்வளவு கேடு செய்யும் மரபணு எப்படி அழியாமல் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது? இதே போன்ற இன்னொரு இரத்த நோயான தாலசீமியாவைப் பற்றி யோசித்த ஜே. பி. எஸ். ஹால்டேன், மலேரியாவை எதிர்க்க உதவுவதால்தான் அது நிலைத்திருக்க வேண்டும் என்று 1949 இல் எழுதினார். இங்கிலாந்தை விட்டு 1957 இல் இந்தியா வந்து, கடைசியில் நம் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, 1964 இல் இங்கேயே மறைந்தவர் அவர். இந்த ஊரில் இருந்துகொண்டு அவர் பெயரை அறியாதிருப்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. கென்யாவில் வளர்ந்த ஆந்தனி ஆலிசன் 1954 இல் அரிவாள் அணுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ஆப்பிரிக்காவில் காட்டினார். உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் வகை மலேரியா கடுமையாகும் வாய்ப்பு சுமப்பாளர்களுக்கு ஏறக்குறைய 90 சதவீதம் குறைவு என்பது இன்று உறுதியாகத் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமப்பாளரையும் கொசு கடிக்கும். கிருமி உள்ளேயும் போகும். ஆனால் கிருமி புகுந்த அணு சுலபமாக வளைந்துவிடுகிறது. மண்ணீரல் அதைப் பிடித்து ஒழித்துவிடுகிறது. கிருமியும் அதற்குள் சரியாக வளர்வதில்லை. ஆகவே காய்ச்சல் வந்தாலும் மூளை வரை போய் ஆளைச் சாய்ப்பது அரிது. மரபணு இரண்டும் மாறிய நோயாளிக்கோ இந்தச் சலுகை கிடையாது. மலேரியா வந்தால் அவருக்கு ஆபத்து அதிகம்.

இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1952 இல். நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம். அதே சமயத்தில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். பிழைப்புத் தேடி ஒடிசா, பீகார்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் அவர்கள். மனிதன் ஊர் மாறினாலும் இரத்தம் மாறுவதில்லை. ஆகவே இதை ஒரு சாதியின் குறையாகப் பேசுவது அறியாமை. தலைமுறைகளாக மலேரியா இருந்த நிலத்தில் தங்கிய மரபணு இது. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் கிரேக்கத்திலும் உண்டு.

ஒரே நோயிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஒடிசா நோயாளிகளை ஜமைக்கா நோயாளிகளோடு ஒப்பிட்டு 1986 இல் வந்த ஆய்வு, இங்குள்ளவர்களிடம் சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் அதிகம் எஞ்சியிருப்பதைக் காட்டியது. அது அணு வளைவதைத் தடுக்கிறது. அதுவும் மரபணு தந்த கொடைதான்.

இனி நம் வீட்டு விஷயம். மலேரியாப் பகுதியில் பிறந்து வளர்ந்தவருக்குப் பலமுறை கடிபட்டே ஓரளவு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும். மரபணுவின் துணையும் இருக்கலாம். மாற்றலாகி வந்த நமக்குப் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் கஷாயம் குடித்துப் படுத்து எழுந்தார் என்று நாமும் மூன்று நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. காய்ச்சல் கண்ட அன்றே இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இவ்வூரிலேயே மணம் செய்துகொள்வதும் சகஜமாகிவிட்டது. மகிழ்ச்சிதான். மணமக்கள் இருவரும் சுமப்பாளராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது தவறு, ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குவது போல. ஒருவர் மட்டும் சுமப்பாளர் என்றால் குழந்தைக்கு இந்த நோய் வராது. சம்பந்தத்தை நிறுத்த அதில் ஒன்றுமே இல்லை. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை உண்டு. ஜாதகம் பார்க்கும் வீட்டில் இதையும் பார்க்கலாம்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்பும். அதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுவின் தருவார்கள். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரையே சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம் காணப்படும். மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால், மாத்திரைச் சீட்டு எழுதும்போதே சொல்லி, இரத்தத்தில் அந்த நொதியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.