கதிரையை மாற்றினால் கல்லா நிறையுமா?

கேள்வி: பத்து மேசை போட்ட சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். தளபாடங்களை மாற்றினால் வியாபாரம் கூடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கல்முனை

பதில்: கொத்து ருசிக்காவிட்டால் தேக்குக் கதிரை போட்டும் பயனில்லை. ருசி இருந்தும் இடமில்லாமல் ஆட்கள் திரும்பிப் போனால், மேசைகளைப் பாருங்கள். நாலு பேர் மேசையில் இரண்டிரண்டு பேராக இருந்தால், 40 கதிரையுள்ள கடை 20 பேரோடு நிரம்பிவிடும். பாதியை இருவர் மேசையாக்குங்கள். குடும்பம் வந்தால் இரண்டைச் சேர்த்துப் போடலாம்.

அடுத்தது அளவு. மேசை 30 அங்குலம், இருக்கை 18 அங்குலம் உயரம் இருக்கட்டும். அப்போதுதான் தோளைத் தூக்காமல் பிசைந்து சாப்பிட முடியும். ஆடும் மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்று இரும்புக் கதிரையை வெல்டிங் ஒட்டிலிருந்து தின்னத் தொடங்கும். ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாரனில் துருக்கறை பட்டால் அந்த ஆள் மறுபடி வருவாரா? துருப்பிடிக்காத ஸ்டீல் (ஸ்டெயின்லெஸ்) வாங்கினால் 304ஐவிட 316 ரகம் உப்பைத் தாங்கும், விலைதான் கூட.

பெண்கள் நிம்மதியாக இருந்து சாப்பிட ஒரு பக்கம் மறைப்புக் கொடுங்கள். திரைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி பக்கத்திலேயே கிடைக்கும்.

கடன்பட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதலில் இரண்டு மேசையை மாற்றி, ஒரு மாதம் அவற்றின் வரவைத் தனியாக எழுதுங்கள். மிச்சத்தைக் கணக்குக் கொப்பி சொல்லும்.