வீட்டுச் சோப்பும் காரநீரும்

1983-ஆம் ஆண்டில் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த செய்தி வெளிவந்தபோது நம் குடும்பங்கள் அடைந்த மனவேதனை பெரிது. அன்று சமையலறையில் விழித்துக்கொண்ட நாம், குளியலறையில் இன்னும் உறங்குகிறோம். சோப்பின் உறையில் 'சோடியம் டாலோவேட்' என்றிருப்பின் அது மிருகக் கொழுப்பே. ஆகவே கடத்தூர்ச் சிராவகியர் சிலர் தேங்காய் எண்ணெய் கொண்டு வீட்டிலேயே சோப்பு செய்ய விழைகின்றனர். நன்று. ஆனால் அதற்கு வேண்டிய காரம் எங்கிருந்து வரும்?

முன்னோர் அறிந்தது சாம்பல் நீர். வாழை, நாயுருவி முதலியவற்றின் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி. சாம்பலை நீரில் ஊறவைத்துத் தெளிவை இறுத்துக் காய்ச்சினால் காரம் கிட்டும். ஆயின் அது பெரும்பாலும் கார்பனேட்டே; எண்ணெயுடன் எளிதில் கூடாது, கூடினும் சோப்பு களிபோல் இளகியே நிற்கும். எரிக்குமுன் விறகைத் தட்டிப் பூச்சிகளை விலக்குதலும் வேண்டும்.

சலவைச் சோடாவை நீற்றிய சுண்ணாம்புடன் காய்ச்சுவது மற்றொரு முறை. 106 கிராம் நீரற்ற சோடாவுக்கு 74 கிராம் சுண்ணாம்பு. கணக்குப்படி 80 கிராம் காஸ்டிக் சோடா. கிளிஞ்சல் சுண்ணாம்பு நமக்கு ஏற்றதன்று, கற்சுண்ணாம்பே கொள்க. எனினும் இந்நீரின் வலிமையை வீட்டில் துல்லியமாக அறிதல் அரிது. காரம் மிகின் தோல் புண்ணாகும்.

எனவே காஸ்டிக் சோடாவை விலைக்கு வாங்குவதே மேல் என்பது எம் கருத்து. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பெறும் பொருள் அது. நம் பக்கத்து மேட்டூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. சாக்கடை அடைப்பு நீக்கும் தூளை வாங்கலாகாது. அதில் அலுமினியத் துகள் முதலியன கலந்திருக்கலாம்.

அளவு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம், வடிகட்டிய நீர் 190 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுக்க. எவர்சில்வர்ப் பாத்திரத்து நீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடுக. சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குழந்தைகளை விலக்கி, காற்றோட்டமான இடத்தில் செய்க. கரைசல் ஆறியபின் எண்ணெயில் ஊற்றிக் குழம்பு கெட்டியாகும்வரை கிளறி அச்சில் வார்க்க. எண்ணெய் வேறாயின் இவ்வளவு பொருந்தாது.

இல்லறத்தார்க்கு ஆரம்ப ஹிம்சை முற்றும் தவிர்க்கவொண்ணாதது. யத்தனம் நம் கையிலுள்ளது. மிஞ்சிய காரநீரை வேலியோரம் கொட்டினால் எறும்பும் மண்புழுவும் மாளும். அளந்து கரைத்தால் மிச்சமே இராது. வார்த்த சோப்பை ஈயும் எறும்பும் அணுகாதவாறு மெல்லிய துணியால் மூடி, நான்கு வாரம் உலரவிட்டபின் பயன்படுத்துக.