பிள்ளையின் மனதை அறியும் படிப்பு



"இவன் மக்கு, படிப்பு ஏறாது" என்று சொல்லி எத்தனை பிள்ளைகளை இடையில் நிறுத்தி, கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பி விடுகிறோம்! ஏன் ஏறவில்லை என்று கண்டறிவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவரைக் கல்வி உளவியலாளர் என்பார்கள்.

இது ஆறு மாத வகுப்பு அல்ல. முதலில் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம். அதற்குமேல் பட்டப்பின் பயிற்சி. இங்கிலாந்தில் 2006 முதல் இது மூன்று வருடக் கலாநிதிப் பயிற்சி. புத்தகப் படிப்போடு, பாடசாலைகளுக்குப் போய், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் வேலையும் பழக வேண்டும்.

ஏன் இவ்வளவு காலம்? வாசிக்க முடியாத பிள்ளைக்குக் கண் தெரியாமல் இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், எழுத்துகள் குழம்பலாம். வீட்டுச் சண்டையோ, ஒரு சாவோ மனதை அழுத்தலாம். ஒன்றை மற்றொன்றாக நினைத்தால் பிள்ளையின் வருடங்கள் வீண்.

யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். போர்க் காலத்தில் அங்கே இப்படிப்பட்ட நிபுணர்கள் மிகக் குறைவு. மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வடகிழக்கில் அப்படிப் பயின்ற ஆசிரியர்கள் 420 மாணவர்களிடம் பேசிப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, சாவு போன்ற கொடுமைகளைக் கண்டவர்கள். நூற்றுக்கு 25 பேருக்கு அந்த அதிர்ச்சி நோயாகவே மாறியிருந்தது. அவர்களையும் வெளியில் இருந்து பார்ப்பவர் "கவனமில்லாத பிள்ளை" என்றுதானே சொல்லியிருப்பார்!

2004 சுனாமிக்குப் பிறகு, வடகிழக்கு முகாமொன்றில் இப்படி அதிர்ச்சியுற்ற 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு தடவை சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பெரும்பாலோர் தேறினார்கள். பிள்ளையின் சொந்தப் பாஷையில் கேட்க ஆள் இருந்தது பெரிய பலம். ஆனால் அந்த ஆலோசகர்களைப் பழக்கியவர்கள் நீண்ட காலம் படித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது என்ன?

1. பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அடிக்காமல், முதலில் கண்ணையும் காதையும் காட்டுங்கள்.
2. உளவளத்துணை ஆசிரியர் இருக்கிறாரா என்று பாடசாலையில் கேளுங்கள். வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.
3. 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்பது சட்டம். இடையில் நிறுத்தாதீர்கள்.
4. உயர்தரம் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் இந்தத் துறையைப் பற்றிச் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப் பீடத்தில் உளவியல் படிக்கலாம்.

லயத்தில் பிறந்த பிள்ளையின் மனதை லயத்தில் பிறந்தவரே படித்து வந்து அறிந்தால், அதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்?