புதிதாக்கப்பட்ட தமிழ்



நம் சபையிலே தமிழ் எம்.ஏ. படிக்கிற தம்பி ஒருவர் உண்டு. போன வருஷம் அவர் கையிலே கம்பராமாயணத்தைப் பார்த்தேன். "இரட்சிக்கப்பட்ட பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குப்பா? வேதம் ஒண்ணு போதாதா?" என்று பலர் முன்னாலே கேட்டுவிட்டேன். தம்பி வாய் திறக்கவில்லை. ஆனால் மூன்று ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனபோது, "பாஸ்டர், இந்தத் தமிழை எனக்குக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்து வேதத்தை எடுத்தேன்.

ஆதியாகமம் 1-ல் தேவன் பேசித்தான் உலகத்தைப் படைத்தார். 2:19-ல் மிருகங்களுக்குப் பேரிடும் வேலையை ஆதாமிடம் விட்டார். ஆக, வார்த்தை மனுஷனுக்குக் கிடைத்தது பாவம் வருமுன்னே. பாபேலிலே அது கெட்டுச் சிதறியது. பெந்தெகொஸ்தே நாளிலே ஆவியானவர் என்ன செய்தார்? எல்லாரையும் ஒரே பாஷைக்குக் கொண்டுவரவில்லை. அவரவர் ஜென்ம பாஷையிலே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்கப்பண்ணினார். அந்நிய பாஷையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைக் கவனிக்கிறதில்லை!

எகிப்திலிருந்து கொண்டுவந்த பொன்னையும் பாருங்கள். யாத்திராகமம் 32-ல் பொன் கன்றுக்குட்டியானது. 35-ல் அதே ஜனங்கள் ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன் கொண்டுவந்தார்கள். பொன்னிலே குற்றமில்லை, யாருக்கு வார்த்தோம் என்பதிலேதான் குற்றம். அந்தக் கூடார வேலைக்கு ஆவியினால் நிரப்பப்பட்ட பெசலெயேல் தீர்க்கதரிசி அல்ல, கைவேலைக்காரன் (31:2-5). பவுலும் அத்தேனேயிலே அவர்களுடைய புலவர்களையே எடுத்துப் பேசினார் (அப். 17:28).

இதற்கு நம் நாட்டுச் சாட்சி ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல் திருநெல்வேலிச் சீமையிலே வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனை ஊறக் குடித்தவர். சாயர்புரத்திலே மிஷனரிகளின் பள்ளியில் தமிழ் ஆசிரியரானார். 1858-ல் சென்னையிலே ஞானஸ்நானம் பெற்றார். அன்றைக்கு அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஞானஸ்நானம் எடுப்பதென்றால் சொந்தபந்தமே அற்றுப்போகிற காரியம். ஆனால் பழைய மனுஷனைக் களைந்தவர் பழைய தமிழைக் களையவில்லை. இங்கிலாந்திலே சிறையிருந்த ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்ச பிரயாணத்தை எடுத்து, கம்பனுடைய நடையிலே 3,700-க்கு மேற்பட்ட பாட்டாக்கினார். இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் புஸ்தகமானது. பனியன் எழுதாததையும் சேர்த்தார்: குமார பருவத்திலே ஆண்டவருடைய பாடுகளை விரிவாகப் பாடியிருக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்றே பேர் வந்தது.

நம்ம ஊருக்கு அயோத்தியின் பேர். கோதண்டராமர் கோவிலைத் தெரியாதவர் இங்கே யார்? ராமர் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம்மிலே அநேகர். அந்தக் காதுக்குச் சிலுவையின் கதையைப் பழகின ஓசையிலே சொன்னவர் அவர். படிக்க லேசு அல்ல. டிப்ளமோ படித்த நானே அகராதியோடு உட்காருகிறேன்.

எல்லாப் புஸ்தகமும் நல்லது என்று சொல்ல வரவில்லை. வேதத்துக்குச் சமமாய் எதையும் வைக்கவும் மாட்டேன். பவுல் மனம் புதிதாகவேண்டும் என்கிறாரே (ரோமர் 12:2), மனம் என்றால் படித்த படிப்பும் அதிலே சேர்ந்ததுதானே? இதை நான் இத்தனை வருஷம் யோசிக்கவில்லை.

தம்பியிடம் சபைக்கு முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முன் பத்து நிமிஷம் யாத்திரிகத்திலிருந்து அவர் விளக்குகிறார். நம்ம பாட்டிமார்தான் முதல் வரிசை. இந்த மாதம் குமார பருவம். யாத்திராகமம் 31-ஐ வாசித்துவிட்டு வாருங்கள்.